வடக்கு வீதியில் ஒரு மொறிஸ் மைனர்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்பவர்களிற் பெரும்பாலோர் இக்காலத்தில் இரவு பஸ்ஸில் ஏறி, புத்தளம் தாண்டுமுன் கண்ணயர்ந்து, விடியற்காலையில் நகரத்தில் இறங்கிவிடுகிறார்கள். இடையே விரிந்து கிடக்கும் வன்னிப் பெருநிலத்தை அவர்கள் காண்பதேயில்லை. அந்த நிலத்தைக் கண்ணாரக் கண்டு செல்ல வேண்டுமாயின் பகற்பொழுதும், அவசரத்துக்கு உடன்படாத ஒரு வாகனமும் வேண்டும். என் நண்பருடைய தகப்பனார் 1957ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வாங்கி, பின்னர் மகனுக்கு விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் அத்தகைய வாகனம். அதைப் பிறந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சில காலம் அங்கேயே வைத்திருக்க வேண்டுமென்று நண்பர் நெடுநாளாக எண்ணியிருந்தார். துணைக்கு வரும்படி என்னை அழைத்தபோது மறுவார்த்தை பேசாமற் புறப்பட்டேன்.

இந்தக் காரைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்மர்னா நகரிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய அலெக் இஸிகோனிஸ் என்ற யந்திரக் கலைஞர், இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இதன் உருவத்தை வரையத் தொடங்கிவிட்டார். உற்பத்திக்கு எல்லாம் ஆயத்தமாகியிருந்த தறுவாயில், வண்டி தம் கண்ணுக்குக் குறுகலாகத் தோன்றியதனால், மாதிரி வண்டியை நெடுக இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலம் கூடினால்தான் அளவு பொருந்தும் என்று தீர்மானித்தார். பொனெற்றின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் தட்டையான பட்டியும், ஆரம்ப காலக் கார்களில் நடுவே துண்டு சேர்த்து நீட்டப்பட்ட பம்பர்களும் அந்தத் தீர்மானத்துக்கு இன்றுவரை சாட்சியாக நிற்கின்றன. 1948இல் லண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் அரங்கேறிய மைனர், 1960ஆம் ஆண்டின் முடிவில், பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் என்ற கீர்த்தியையும் அடைந்தது. அழகுக்காக ஒரு வண்டியை அறுக்கத் துணிந்த மனிதனுடைய கைவண்ணம் என்ற எண்ணத்தோடு பார்க்கும்போது, அதன் ஒவ்வொரு வளைவும் எனக்கு ஒரு தனி மரியாதையை உண்டாக்குகிறது.

கண்ணுக்குத் தெரியும் வளைவுகளை எல்லாரும் புகழ்வார்கள். இந்தப் பிரயாணத்தில் நான் அறிந்துகொண்டதோ கண்ணுக்குத் தெரியாத ஓர் அவயவத்தைப் பற்றியது. மைனரின் பெற்றோல் தாங்கி, டிக்கியின் அடித்தளத்தின் கீழே, விளிம்பு முழுவதும் திருகாணிகளால் முடுக்கப்பட்டுத் தொங்குகிறது. அதன் கொள்ளளவு ஆறரைக் கலன், அதாவது ஏறத்தாழ 29½ லீற்றர். பெற்றோலை அங்கிருந்து முன்னே இழுத்து வருவது, எஞ்சினுக்கும் ஆசனங்களுக்கும் இடைப்பட்ட சுவரிற் பொருத்திய எஸ்.யூ. மின்சாரப் பம்பு. சாவியைத் திருப்பியதும் அது ‘டிக் டிக்’ என்று சில தடவை அடித்து, காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் மௌனமாகிவிடும். ஓடும்போது, செலவாகும் பெற்றோலுக்குத் தக்கபடி ஆறுதலாக அடித்துக்கொண்டு வரும். மைனரோடு பழகியவர்கள் வைத்தியர் நாடி பிடிப்பதுபோல இந்தச் சத்தத்தைக் கொண்டே வண்டியின் க்ஷேமத்தை அறிவார்கள்.

இந்தத் தாங்கி ரோகமுற்றதற்குக் காரணம் 2022ஆம் ஆண்டு என்று நண்பர் கருதுகிறார். அவர் கருத்து நியாயமானதே. பெற்றோலுக்காக ஜனங்கள் நாட்கணக்கில் வீதியில் வரிசையாகக் காத்துக் கிடந்த அந்த ஆண்டின் நடுப்பகுதியில், அரசாங்கம் கியூஆர் அட்டை முறையைக் கொண்டுவந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கீடு செய்தது. அன்றாடத் தேவைக்கு வேறொரு வண்டி வைத்திருந்த நண்பர், கிடைத்ததை அதற்கே ஊற்றிவிட்டு, மைனரை ஏறக்குறைய வெறுந்தாங்கியோடு கொட்டகையில் நிறுத்தினார். வெறுந்தாங்கி என்பது ஓய்விலிருக்கும் தாங்கி அன்று. பகல் வெப்பத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவு குளிரும்போது ஈரக்காற்று மூடியின் சிறு துவாரத்தால் உள்ளே புகுந்து, தகட்டில் வியர்வையாகப் படிகிறது. அந்த நீர்த்துளிகள் பெற்றோலைவிடக் கனமானவையாகையால் வழிந்து அடியிற் சென்று தங்கி, மூட்டுகளைப் பற்றித் தின்னத் தொடங்குகின்றன. வெளியிலோ, சக்கரம் வாரியடித்த சேறு விளிம்பில் ஒட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அக்காலத்துத் தாங்கிகளின் தகட்டுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இடுவது வழக்கம். அந்தப் பூச்சு எங்கே நைந்துபோகிறதோ அங்கே கறள் பிறக்கிறது.

புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி என்று வந்தவரையில் வண்டி குறையொன்றும் சொல்லவில்லை. குளக்கட்டுகளின் மேல் கொக்குகள் நிற்க, வயல்களுக்கு அப்பாற் காடு நீலமாகத் தெரிய, நாங்கள் வவுனியாவில் மத்தியான போசனம் முடித்துக்கொண்டு வடக்கே திரும்பினோம். ஏ9 வீதி 1990இல் மூடப்பட்டது. 2002 ஏப்ரலில் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடி, யுத்தம் முடிவுற்ற 2009ஆம் ஆண்டுக்குப் பின்னரே நிலையாகத் திறந்தது. ஓமந்தையைக் கடக்கும்போது நண்பர் வேகத்தைக் குறைத்தார். அங்கே சோதனைச் சாவடியிற் பொதிகளை இறக்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏற்றிக்கொண்ட காலம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாங்குளத்தைத் தாண்டியபின் பம்பின் சத்தம் மாறியது. ஆறுதலாக அடித்துக்கொண்டு வந்தது, இடைவிடாமல் படபடவென்று அடிக்கத் தொடங்கிற்று. மானியின் முள் கால் பங்குக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தும் எஞ்சின் சில வேளைகளில் மூச்சுத் திணறியது; கூடவே பெற்றோல் வாடையும் வந்தது. முறிகண்டி வரையில் மெதுவாகச் செலுத்திக்கொண்டு போவதென்று முடிவு செய்தோம்.

முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமல் வடக்கே போகிற வாகனம் இல்லை. லொறியாயினும், பஸ்ஸாயினும், மந்திரியின் காராயினும் அங்கே நின்று, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டே புறப்படும். வீதி மூடுண்டு கிடந்த வருஷங்களுக்குப் பின்னும் அந்த வழக்கம் அறாமல் தொடர்வதைக் காண என் நெஞ்சு நிறைந்தது. ஆனால் அன்று நண்பர் வண்டியைக் கோயிலுக்கு வெகுதூரத்துக்கு இப்பாலே, காற்று எங்களிடமிருந்து எதிர்ப்புறமாக வீசும் இடத்தில் நிறுத்தினார். பின்பக்கம் குனிந்து பார்த்தால், தாங்கியின் ஒரு மூலையிலிருந்து பெற்றோல் சொட்டிக்கொண்டிருந்தது. கற்பூரச் சுடர்கள் வரிசையாக எரியும் ஸ்தலத்தில் அந்தச் சொட்டு எவ்வளவு விபரீதத்துக்கு இடமாகக்கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு உபகாரம் செய்தவர் பருத்தித்துறைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு லொறிச் சாரதி. அவர் கச்சான் கடையில் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டி ஒன்று வாங்கி, ஒரு துண்டைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மெழுகுப் பதத்துக்குக் கொண்டுவந்து, ஓட்டையில் அழுத்தித் தேய்த்தார். சொட்டு நின்றது. சவர்க்காரத்தைத் தண்ணீர் கரைக்கும், பெற்றோல் கரைக்காது என்ற இந்தச் சிறு சாஸ்திரம், நெடுந்தூரச் சாரதிகளின் பரம்பரைச் சொத்து. “யாழ்ப்பாணம் மட்டும் தாங்கும், ஐயா. மழைத் தண்ணி அடியிலை படாமப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு, காசு வாங்க மறுத்து, லொறியில் ஏறிப் போய்விட்டார்.

கிளிநொச்சியில், யுத்தத்தின் இறுதிக் கட்டத்திற் சாய்க்கப்பட்டு நெடுங்காலம் வீதியோரத்திற் கிடந்த பெரிய நீர்த்தாங்கியைப் பற்றி நண்பர் சொன்னார். பரந்தனைக் கடந்ததும் ஆனையிறவு. இருபுறமும் உவர்நீர்ப் பரவை, உப்பளம், மறைப்பில்லாத வானம். முகத்திற் படும் காற்றிலேயே உப்பின் சுவை இருக்கிறது. இந்தக் காற்றின் நடுவே அறுபது, எழுபது ஆண்டுகளாக இரும்பு வண்டிகளை உயிரோடு வைத்திருக்கும் ஜனங்கள் சாமானியர் அல்லர் என்ற எண்ணம் எனக்கு அங்கே உண்டாயிற்று.

யாழ்ப்பாணத்தின் பழைய கார்களைப் பற்றி வெளியூரார் வியப்போடு பேசுவதுண்டு. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் என்று, பிறந்த தேசத்திலேயே அரிதாகிவிட்ட வண்டிகள், இங்கே வாடகைக் கார்களாகவும் கல்யாணக் கார்களாகவும் நெடுங்காலம் ஓடின. இன்றும் சில ஓடுகின்றன. 1960களின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் புதிய கார்கள் வருவது அருகியது முதற் காரணம். 1990க்குப் பின் வந்த பொருளாதாரத் தடை மற்றொன்று. அந்த வருஷங்களிற் பெற்றோல் போத்தற் கணக்கில், பொன்னைப்போல் அளந்து விற்கப்பட்டது. ஊர் முழுவதும் சைக்கிளில் நடந்தது. இயங்கிய சில வாகனங்களும் மண்ணெண்ணெயில் இயங்கின.

மண்ணெண்ணெயில் ஓட்டுவது எளிய காரியம் அன்று. பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு வெப்பம் வேண்டும். ஆதலால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் இடித்து எரியும் இயல்புடையதாகையால், தீப்பொறி விழும் வேளையைச் சற்றுத் தாமதப்படுத்தி வைக்க வேண்டும். எரியாமல் எஞ்சுவது கீழே வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யுமாதலால் ஒயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டும், ஒயிலோ அகப்படாது. அழுத்தம் குறைந்த பழைய பிரித்தானிய எஞ்சின்கள் இந்தத் துன்பத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டன. கர்ப்பிணிகளையும் காயப்பட்டோரையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்த வண்டிகள் அவை. அவற்றைப் பழம்பொருள் என்று மட்டும் சொல்வது அந்த ஊருக்குச் செய்யும் அநீதி என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்தில் தொழில் கற்றுத் தேர்ந்த ஒரு மூத்த மெக்கானிக்கின் கராஜ் கோண்டாவிற் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மாமரத்து நிழலில் இருக்கிறது. நாங்கள் வண்டியை நிறுத்துமுன்னரே அவர் எழுந்து வந்துவிட்டார்.

“உந்தப் பம்பின்ரை சத்தம் ஒழுங்கை முகப்பிலேயே கேட்டது, தம்பி. காத்து இழுக்குது. தாங்கிக்குள்ளை இறங்கிற குழாயைக் கறள் தின்டிருக்கும். நிரம்ப அடிச்சாத் தெரியாது. பெற்றோல் ஓட்டைக்குக் கீழே இறங்கினாத்தான் காத்து வரும்.”

கால் பங்கு பெற்றோல் இருந்தும் எஞ்சின் திணறியதன் ரகசியம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

வேலை மறுநாட் காலையில் தொடங்கியது. முதலிற் பற்றறியின் தொடுப்பு கழற்றப்பட்டது. சுற்றுப்புறத்தில் அடுப்போ சுருட்டோ இல்லையென்று பார்த்தபின், அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, மிச்சமிருந்த பெற்றோலை மூடியுள்ள கானில் வடித்தார்கள். வந்தது தேயிலைச் சாயம்போற் சிவந்திருந்தது. மானியின் கம்பியையும், பெற்றோற் குழாயையும், ஊற்றுவாயின் இறப்பர் குழாயையும் பிரித்தெடுத்தார்கள். பின்பு டிக்கியிலிருந்த பலகையையும் மாற்றுச் சக்கரத்தையும் வெளியேற்றி விளிம்புத் திருகாணிகளுக்கு வந்தார்கள். அவற்றிற்கு முதல் நாள் மாலையிலேயே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தபடியால் அநேகமானவை இணங்கி வந்தன. தலை முறிந்த சிலவற்றை மின்சாரத் துளைகருவி தொடாமல், கையாற் சுழற்றும் துளைப்பானாலேயே துளைத்தெடுத்தார்கள். பெற்றோல் வாடை நிற்கும் இடத்தில் மின்பொறிக்கு இடங்கொடுக்கலாகாது என்பது அவருடைய நியமம். தாங்கி கீழே இறங்கியபோது, அதன் அடித்தகட்டைப் பெருவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

நண்பருக்கு அதை மாற்ற மனமில்லை. தகப்பனாரின் கை பட்ட வண்டியில் இயன்றவரையில் அந்தக் காலத்துப் பொருளே இருக்க வேண்டுமென்பது அவர் ஆசை. “ஓட்டையை ஒட்டித் தர முடியாதோ, அண்ணை?” என்று கேட்டார்.

“ஒட்டலாம். ஒட்டினா அடுத்த பக்கத்தாலை ஒழுகும். தகடு முழுக்கச் சப்பிப் போச்சு. பிறகு, வெறுந்தாங்கியெண்டு நினைச்சு நெருப்பைக் கிட்டக் கொண்டு போனாக்கள் எத்தினை பேர்? பெற்றோல் போனாலும் ஆவி போகாது, தம்பி. நிறைஞ்ச தாங்கியிலும் பார்க்க வெறுந்தாங்கிதான் ஆளைக் கொல்லும்.”

அவர் சொன்னது அக்ஷர லட்சம் பெறும். பெற்றோலின் ஆவி காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 பங்கு வரையிற் கலந்திருக்கும்போது தீப்பற்றும். நிறைந்த தாங்கியிற் காற்றுக்கு இடமில்லை, காலியான தாங்கியிலோ காற்றும் ஆவியும் அந்த அளவிற் கூடிவிடுகின்றன. நீராவி செலுத்தியோ, ஒட்டும் இடம் தவிர மற்ற இடமெல்லாம் தண்ணீர் நிரப்பியோதான் இத்தகைய பாத்திரத்தில் நெருப்பு வேலை செய்யலாம். தகடு உறுதியாக இருந்தால் அத்தனை சிரமமும் தகும். நைந்துபோன தகட்டுக்காக அந்த அபாயத்தை ஏற்பது தகாது. பழைய வண்டியைக் காப்பவர்கள் இந்த இடத்தில் உறுதி கொள்ள வேண்டும் என்பதே என் எண்ணம். கண்ணாடிச் சாலையில் வைக்கப்படும் வண்டிக்கு ஓட்டைத் தாங்கியும் ஒரு சரித்திரச் சான்று. பிள்ளைகளைப் பின்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு வீதியில் ஓடும் வண்டிக்கு அது எமன். நண்பர் சிறிது நேரம் மாமரத்தடியில் நின்றுவிட்டு, மாற்றிவிடும்படி சொன்னார்.

மாற்றுத் தாங்கிக்கு இங்கிலாந்துக்கு எழுத வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். மைனருக்கான பாகங்கள் அங்கே இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. மெக்கானிக் கொட்டகையின் உட்புறத்தைக் காட்டினார். முகட்டு வளையிற் சாக்கு சுற்றித் தொங்கிய பொதிகளுள் ஒன்று மைனர்த் தாங்கி. மானிப்பாய்ப் பக்கத்தில் விபத்துக்குள்ளாகிச் சிதைந்த வண்டியொன்றிலிருந்து பல வருஷங்களுக்கு முன் கழற்றியதாம். கழற்றியவுடன் உள்ளே எஞ்சின் ஒயில் ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, வாய்களைத் தக்கையால் அடைத்து வைத்திருந்தார். 1957க்கு முந்திய மைனர்களின் தாங்கி ஐந்து கலன் மட்டுமே கொள்வதாகையால் முதலில் அளவை ஒப்பிட்டார். அது ஆறரைக் கலன் தாங்கியே. மெல்லிய சங்கிலித் துண்டொன்றும் சிறிது பெற்றோலும் உள்ளே இட்டு, மருமகனும் அவருமாக இருபுறமும் பிடித்து நெடுநேரம் குலுக்கி, வடித்து, மறுபடி குலுக்கி, வருவது தெளிவாகும் வரையிற் கழுவினார்கள். பின்பு வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பினால் மிகக் குறைந்த அழுத்தத்திற் காற்றுச் செலுத்தி, மூட்டுகளிலெல்லாம் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தார்கள், குமிழி எழவில்லை.

அந்த மருமகனுக்கு வயது இருபதுக்குள் இருக்கும். அவனுடைய சிநேகிதர்கள் கணினி பொருத்திய ஜப்பானிய வண்டிகளின் வேலைக்குப் போய்விட்டார்கள். இவன் ஒருவனே மாமனாரிடம் நிற்கிறான். முகட்டில் எண்ணெய் பூசித் தாங்கியைத் தூக்கி வைக்கும் பக்குவமும், பம்பின் சத்தத்திற் கறளை அறியும் காதும் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. வறுமையும் முற்றுகையும் கற்பித்த இவ்வித்தை இவர்களோடு மறையுமுன், யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் இவர்களிடம் வந்து அமர்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். இதை நான் மனப்பூர்வமாகச் சொல்லுகிறேன்.

பொருத்தும் வேலையில் இரண்டு நுட்பங்கள் என் கவனத்தைக் கவர்ந்தன. மானியின் மிதவை பொருந்தும் வாய்க்குப் பழைய தக்கை வளையத்தை விலக்கி, தக்கைத் தகட்டில் அச்செடுத்துப் புதிய வளையம் வெட்டிவைத்தார். டிக்கிக்குள் ஆவி புகாதபடி தடுப்பது அதுவே. மற்றது, தாங்கி முழுவதற்கும் கறுப்பு மை பூசியபோது விளிம்பில் ஓரிடத்தைப் பூசாமல் விட்டது. மானிக்கு வரும் மின்சாரம் தாங்கியின் உடல் வழியாகவே வண்டியின் உடலைச் சேரவேண்டும். மை இடையே நின்று மறித்தால் முள் பொய் சொல்லும். அந்த இடத்தை உரைத்துப் பளபளப்பாக்கி, திருகாணியை முடுக்கியபின் மேலே கிறீஸ் தடவினார்.

மாலையிற் பற்றறியைத் தொடுத்து, வடிகட்டிய பெற்றோல் இரண்டு கலன் ஊற்றிச் சாவியைத் திருப்பியபோது, பம்பு விரைந்து அடித்து, பின் தளர்ந்து, நின்றது. அவர் வண்டியின் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் விரலாற் தடவி, விரலை மோந்து பார்த்து எழுந்தார். நண்பரிடம் சொன்ன புத்திமதி சுருக்கமானது: நெடுநாள் நிறுத்தி வைப்பதானால் தாங்கியை நிரப்பி நிறுத்த வேண்டும், மாரிக்குப் பின் ஒருமுறை அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், மூடியின் துவாரத்தை அடைக்கவிடக் கூடாது.

பழைய தாங்கியை என்ன செய்வது என்று நண்பர் கேட்டார். அதன் ஊற்றுவாய்க் கழுத்தும் மிதவை வளையமும் இன்னும் பழுதில்லை என்றும், சாவகச்சேரியில் ஒரு மைனருக்குக் கழுத்து முறிந்திருக்கிறதென்றும், தண்ணீர் நிரப்பி வைத்து உளியால் வெட்டி எடுக்கப் போவதாகவும் மெக்கானிக் சொன்னார். நண்பர் சம்மதித்தார். மருமகன் தாங்கியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். நாங்கள் மிச்சப் பெற்றோலுக்காக நிரப்பு நிலையத்தை நோக்கிப் புறப்பட்டோம்.